சந்தாவும் கட்டளையும்: பம்பாய் பெனே இஸ்ரவேலரின் அறநிதி வரலாறு

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து புறப்படும் மின்வண்டி முதலில் நிற்கும் இடம் மஸ்ஜித் நிலையம். நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் சென்று மீளும் நம்மவர் பலர், அருகில் ஏதோ ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, அதனால் வந்த பெயர் என்று எண்ணி அமைதி கொள்வர். இந்நகரத்து முதியோர் சிலர் கூறும் காரணம் வேறு. நிலையத்தை அடுத்த சாமுவேல் தெருவிலே யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் ஒன்று உண்டு. அதனை மராத்தி மக்கள் 'ஜுனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி என்றே அழைத்து வந்தனர். அப்பெயரே நிலையத்துக்கும் ஏறிற்று என்பது அவர்கள் துணிபு.

அக்கூடம் 1796 ஆம் ஆண்டு எழுந்தது. 'இரக்கத்தின் வாயில்' என்பது அதன் எபிரேயப் பெயரின் பொருள். கட்டுவித்தவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர்; மராத்தியில் சாமாஜி ஹஸாஜி திவேகர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த அவர், இரண்டாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் சிறையில் அகப்பட்டு, உயிருடன் மீண்டால் இறைவனுக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என்பது அம்மக்களிடையே வழங்கும் வரலாறு. கூடம் எழுந்த மறு ஆண்டே, தோரா என்னும் திருமறைச் சுருள்களைப் பெற்றுவரக் கொச்சிக்குச் சென்றவர் அங்கேயே காலமானார் என்பர். ஒரு படைவீரரின் நேர்த்திக்கடனில் தொடங்கியது பம்பாய் யூதரின் பொது வாழ்வு.

பெனே இஸ்ரவேலர் என்பது 'இஸ்ரவேலின் மக்கள்' எனப் பொருள்படும். கொங்கணக் கரையில், அலிபாகை அடுத்த நவ்காவ் அருகே, பண்டு ஒரு நாள் கப்பல் உடைந்து ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் கரையேறினர் என்றும், அவர்தம் வழியினரே தாம் என்றும் அவர்கள் நம்புகின்றனர். காலம் எதுவெனத் துணிதல் அரிது. ஆனால் அவர்கள் ஊரூராகப் பரவிச் செக்காட்டி வாழ்ந்தனர் என்பதும், ஓய்வு நாளாகிய சனிக்கிழமையன்று செக்கை நிறுத்தியமையால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அயலாரால் அழைக்கப்பட்டனர் என்பதும் தெளிவு. கேஹிம்கர், திவேகர், பேண்கர், நவ்காவ்கர் என ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்து வழங்கும் குடும்பப் பெயர்கள் இன்றளவும் அச்சிற்றூர்களை நினைவூட்டுகின்றன. மன்னர் அல்லர், பெருவணிகரும் அல்லர். செக்காட்டியும் படைவீரரும் பின்னர் எழுத்தருமாகிய இச்சிறு கூட்டம், இரு நூற்றாண்டுகளாகத் தன் ஏழைகளை ஊட்டியும், இறந்தோரை அடக்கியும், மக்களைப் படிப்பித்தும் வந்தது எவ்வாறு? பொருள் எங்கிருந்து வந்தது? அதனை யார் பங்கிட்டனர்? யாருக்கு மறுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே நம் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லை நோக்குவோம். எபிரேய மொழியில் ஈகைக்கு வழங்கும் சொல் 'செதாகா'. நேர்மை, நீதி என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது அது. தமிழர்க்கு இது வியப்பளிக்காது. வழக்குத் தீர்க்கும் மன்றத்தை அறங்கூறு அவையம் என்றும், சோறிடும் மனையை அறச்சாலை என்றும் ஒரே சொல்லால் வழங்கியவர் நாம். கொடுத்தல் இரக்கத்தின் செயலன்று, கடன் தீர்த்தலே என்னும் கருத்து இரு மொழிக்கும் பொதுவாய் இருத்தல் கருதத்தக்கது.

அக்கடனைத் தீர்க்கும் முறையை யூதர் தம் மறைநூல் வழியே நுணுக்கமாக வகுத்துக்கொண்டனர். கி.பி. 200 ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா இரு நிதிகளைக் கூறுகிறது. ஒன்று 'குப்பா', வாரந்தோறும் பணம் திரட்டி ஊரிலுள்ள ஏழைகளுக்கு வழங்கும் பெட்டி. மற்றொன்று 'தம்ஹூய்', நாள்தோறும் உணவு திரட்டிப் பசித்தோர்க்கு இடும் தட்டு. ஒருவரிடம் இரு வேளை உணவு இருந்தால் அவர் தட்டிலிருந்து பெறலாகாது. பதினான்கு வேளைக்கு இருந்தால் பெட்டியிலிருந்து பெறலாகாது. நாளைக்கு இரு வேளையென ஒரு வாரத்துக்குப் பதினான்கு! நிதியை இருவர் சேர்ந்தே திரட்டுதல் வேண்டும். மூவர் கூடியே பங்கிடுதல் வேண்டும். திரட்டுவது ஊரார் மீது சுமத்தும் வரி போன்றதாகலின் ஒருவர் அதிகாரத்தில் விடலாகாது என்பதும், பங்கிடுவது நீதி வழங்குதலை ஒக்குமாகலின் மூவர் மன்றம் வேண்டும் என்பதும் அதற்குக் கூறும் காரணங்கள். பற்றுச்சீட்டுக்கு இரு கையொப்பம், ஒப்புதலுக்கு மூன்று மேசை என்று வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு, கோப்புகளின் இக்கெடுபிடிக்கு இத்துணைப் பழைமை உண்டென்பது சற்றே ஆறுதல் தருவதாகும்.

கொங்கணச் சிற்றூர்களில் இத்தகைய அமைப்பு எதுவும் இருந்ததாகக் கொள்ள இயலவில்லை. காஜி என்பார் ஊர்தோறும் சென்று திருமணமும் பிற சடங்குகளும் நடத்தி, வழக்குகளும் தீர்த்து வந்தனர். பம்பாய்க்குக் குடிபெயர்ந்து தொழுகைக்கூடம் ஏற்பட்ட பின்னரே பொது நிதி என ஒன்று உருவாயிற்று. கூடத்தை ஆள 'முக்காதம்' என்னும் தலைவர். அவர்க்குத் துணையாகச் 'சௌகுலே' என்னும் ஆலோசகர். பெட்டியைக் காக்கக் 'கப்பாய்' என்னும் பொருளாளர். தொழுகை நடத்த 'ஹஸான்'. ஏவல் புரிய 'ஷமாஷ்'. அரபும் மராத்தியும் எபிரேயமும் கலந்த இப்பதவிப் பெயர்களே அம்மக்களின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவன.

வருவாயில் சுவைமிக்க பகுதி ஏலம். தொழுகையின்போது மறைச்சுருள் இருக்கும் பேழையைத் திறத்தல், சுருளை ஏந்தி வருதல், அதனை வாசிக்க அழைக்கப்படுதல் ஆகியன பெரும்பேறுகள். இப்பேறுகளைக் கூடத்திலேயே ஏலமிடுவர். கூடுதல் கேட்டவர்க்குப் பேறு, கூடத்துக்குப் பணம். ஆனால் ஓய்வு நாளிலும் திருநாளிலும் பணத்தைத் தொடலாகாது, எழுதுகோலையும் எடுக்கலாகாது. எனவே இன்னார் இத்துணை கேட்டார் என்பதை நெஞ்சில் பதித்துக்கொண்டு, வேலை நாள் வந்தபின் கப்பாய் சென்று தண்டுதல் வேண்டும். கையொப்பமின்றி ஊரார் முன்னிலையில் கூறிய வாய்ச்சொல்லே பத்திரம். சொன்னதைத் தராதவர் அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு வருவார்? நம்மூர் வணிகரின் மகமையும் இவ்வாறே ஊர் முகத்தை நம்பி நடந்ததன்றோ! ஏலத்தோடு, குற்றம் செய்தார்மீது விதித்த தண்டமும், பிறப்பு, திருமணம், நினைவு நாள் ஆகியவற்றில் நேர்ந்த காணிக்கையும் சேர்ந்தன. செலவில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கும் ஊழியர் சம்பளத்துக்கும். அடுத்து ஏழை வீட்டுச் சாவுக்கு. துக்க வீட்டார் ஏழு நாள் தரையில் அமர்ந்திருக்க, அண்டை வீட்டார் உணவு கொணர்தல் கடன். செல்வர்க்கும் ஏழைக்கும் சவ அடக்கம் ஒரே வகை எளிமையில் நிகழவேண்டும் என்பது பழைய விதி.

எனினும் இந்தப் பெட்டியின் முன் எல்லோரும் ஒக்கப் பிறந்தவரல்லர். பெனே இஸ்ரவேலருக்குள்ளேயே 'கோரா' எனவும் 'காளா' எனவும் இரு பிரிவு இருந்தது. பிற சமூகத்துப் பெண்டிர்வழிப் பிறந்தோர் காளா எனப்பட்டுத் திருமண உறவிலிருந்தும் கூடத்துப் பேறுகளிலிருந்தும் விலக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் பட்ட அவமதிப்பைக் கூறப் புகுமுன் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சமூகத்தின் தலையாய கவலை கல்வி. அமெரிக்க மறைபரப்பாளர் 1813 முதல் பம்பாயில் இருந்தனர். ஸ்காட்லாந்து நாட்டு ஜான் வில்சன் 1829 இல் வந்து, பெனே இஸ்ரவேலரின் பொருட்டே 1832 இல் மராத்தியில் எபிரேய இலக்கணம் ஒன்று வெளியிட்டார். தம் மூதாதையர் மொழியைக் கிறித்தவ ஆசிரியரிடம், மராத்தி வாயிலாகக் கற்ற விந்தை இது! பிள்ளைகள் மதம் மாறவில்லை. ஆனால் பிறர் கூரையின்கீழ் தம் மறையைக் கற்கும் நிலை சிலர் உள்ளத்தை உறுத்திற்று. அவருள் தலையானவர் ஹயீம் சாமுவேல் கேஹிம்கர். 1853 இல் அவரும் தோழரும் கல்வி வளர்ச்சிக்கென ஓர் உதவிச் சங்கம் நிறுவினர். 1875 இல் அவரும் உடன்பிறந்தாரும் முன்னின்று இஸ்ரவேலர் பள்ளியைத் தொடங்கினர். எபிரேயமும் மராத்தியும் ஆங்கிலமும் அங்குக் கற்பிக்கப்பெற்றன.

பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் நின்று நோக்கவேண்டிய இடம். அக்காலத்துப் பெனே இஸ்ரவேலர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். அரசு அலுவலகம், இருப்புப்பாதை, அஞ்சல், மருத்துவமனை, படை என எங்கும் கீழ்நிலை, இடைநிலைப் பணிகளில் இருந்தனர். மாதச் சம்பளக்காரனால் கட்டளை வைக்க இயலாது. சந்தா கட்டத்தான் இயலும். கட்டளை என்பது முதலை ஒருமுறை ஒதுக்கிவிட்டு வட்டியில் என்றும் நடப்பது. சந்தாவோ திங்கள்தோறும் ஒருவர் படியேறிக் கதவைத் தட்டினால்தான் வருவது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதம் நிற்பது. இவ்வாண்டு மலருக்கென விளம்பரமும் நன்கொடையும் திரட்டப் படியேறி இறங்கிய நம் சங்கத்து அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே கேஹிம்கர் குழுவினர் மூன்று திசையில் கை நீட்டினர்: உள்ளூர்ச் சந்தா ஒன்று, 1854 ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் ஏற்பட்ட அரசு மானியம் ஒன்று, 1871 இல் இலண்டனில் தோன்றிய ஆங்கில யூதர் சங்கத்தின் உதவி ஒன்று. மூன்றாவது, ஆண்டுதோறும் கடல் கடந்து வரவேண்டிய அறிக்கைக்கும் ஒப்புதலுக்கும் பள்ளியைக் கட்டிப்போட்டது எனினும், அஃதின்றிப் பள்ளி நிலைத்திராது. கேஹிம்கர் தம் மக்களின் வரலாற்றை 1897 அளவில் எழுதி முடித்தார். அந்நூல் அச்சேறியது 1937 இல், டெல் அவீவில். பள்ளிக்குப் பணம் திரட்டத் தெரிந்தவர்க்குத் தம் நூலை அச்சிடப் பணம் திரட்டத் தெரியவில்லை போலும்.

இனிக் கட்டளையின் கதை. பாக்தாத்திலிருந்து தப்பி வந்த தாவீது சாசூன் 1830-களின் தொடக்கத்தில் பம்பாயில் குடியேறினார். பஞ்சு, அபினி, துணி எனக் கீழ்த்திசைக் கடல்களெங்கும் அவர் குடும்பத்தின் வாணிகம் பரந்தது. பைகுல்லாவில் மாகேன் தாவீது தொழுகைக்கூடம் 1861 இல் அவர் பொருளால் எழுந்தது. கோட்டைப் பகுதியில் கெனெசெத் எலியாஹூ 1884 இல் அவர் பேரன் யாக்கோபால் எழுந்தது. புணே மருத்துவமனையும், பம்பாய் நூலகமும், மீன்படகுகள் ஒதுங்கும் சாசூன் துறையும் அக்குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பாக்தாதி யூதருள் ஏழையாய் வந்தவர்க்கு அக்குடும்பத்து ஆலைகளில் வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், நோய்க்கு மருந்தும், முடிவில் கல்லறை நிலமும் கிடைத்தன. யூத அறிஞர் மைமோனிடீஸ் (மறைவு 1204) ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, வேலையோ கடனோ தந்து ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்வதே உச்சிப்படி என்றார். சாசூன் ஆலைகள் அப்படியில் நின்றன என்னலாம், தம்மவர் அளவில்.

தம்மவர் யார் என்பதே வழக்காயிற்று. 1836 இலேயே தாவீது சாசூனும் வேறு சிலரும், யூதர் இடுகாட்டில் பெனே இஸ்ரவேலர் பகுதியைத் தனியே பிரிக்கும் சுவர் ஒன்று வேண்டுமென அரசுக்கு விண்ணப்பித்தனர். கொங்கணத்தார் மண முறிவு விதிகளை அறியாதவர், குலக்கலப்பு உடையவர், எனவே ஐயத்துக்குரிய யூதர் என்பது பாக்தாதியர் கருத்து. ஐயம் எழுந்தால் என்னாகும்? கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆடவர் வேண்டும். அப்பத்தில் அவர்கள் எண்ணப்படார். மறை வாசிக்க அழைக்கப்படார். யூதர்க்கு என எழுதப்பெற்ற அறக்கட்டளையில் பங்கு கேட்டால், நீவிர் யூதரா என்னும் கேள்வி முன்னிற்கும். பங்கிடும் மூவர் மன்றம் பசியை மட்டுமன்றிப் பிறப்பையும் விசாரிக்கத் தொடங்கிற்று! இரங்கூனில் இவ்வழக்கு முற்றியது. அங்குள்ள தொழுகைக்கூடத்து ஆட்சிக்குழுத் தேர்தலில் பெனே இஸ்ரவேலர்க்கு உரிமை உண்டா என்பது நீதிமன்றம் ஏறி, 1935 இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

ஆயினும் செல்வரின் கை எப்போதும் மூடியிருக்கவில்லை. பாக்தாதில் பிறந்து, சாசூன் வாணிகத்தில் எழுத்தராகத் தொடங்கி, ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய சர் எல்லி கதூரியின் கொடையால்தான் 1930-களில் கேஹிம்கரின் பள்ளி தழைத்தது. இன்று மஜ்காவில் அது கதூரி பள்ளி என்றே வழங்குகிறது. அறுபதாண்டு சந்தா கட்டிய எழுத்தர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பதைக் குறையாகக் கூறவில்லை. அது சந்தாவின் இயல்பு.

1913 இல் பெனே இஸ்ரவேல் மகளிர் தமக்கென ஸ்திரீ மண்டல் நிறுவினர். 1917 இல் சமூக மாநாடு கூடிற்று. விரைவிலேயே அதற்குப் போட்டியாக ஓர் இந்திய இஸ்ரவேலர் லீகும் எழுந்தது. சில ஆயிரம் பேருக்கு இரு மாநாடு மிகை என்று பிறர் நகைத்திருக்கலாம். தமிழ்ச் சங்கத்தார் நகைக்க இயலாது.

ஜெர்மனியில் இட்லர் ஆட்சி ஏற்பட்டபின், 1934 இல் பம்பாயில் யூதர் துயர்தணிப்புச் சங்கம் தோன்றிற்று. ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த மருத்துவரும் பொறியாளரும் இசைவாணரும் துறைமுகத்தில் இறங்கியபோது, இவர்கள் அரசுக்குச் சுமையாகார், இவர்தம் வயிற்றுக்கு நாங்கள் பிணை என்று அச்சங்கம் உறுதி கூறிற்று. அப்பிணை இன்றேல் பலருக்கு நுழைவு கிட்டியிராது. பெட்டியிலுள்ள பணம் ஒருவர்க்குச் சோறாவதைக் கண்டுள்ளோம். இங்கே அது உயிருக்கே உரிமைச் சீட்டாயிற்று.

1948 இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 26,000 க்கு மேற்பட்ட யூதர் இருந்தனர்; 2011 இல் 5,000 க்கும் குறைவு. துன்புறுத்தல் அஞ்சி ஓடியவர் அல்லர். இந்நாட்டில் அவர்க்கு அத்தகைய இன்னல் நேர்ந்ததில்லை. மறை அழைத்தது, உறவினர் அழைத்தனர், புதுவாழ்வின் நம்பிக்கையும் அழைத்தது. சென்ற இடத்தும் பழைய வினா காத்திருந்தது. 1962 இல் அந்நாட்டுத் தலைமைக் குருமன்றம், பெனே இஸ்ரவேலர் பிற யூதரை மணக்குமுன் அவர்தம் குலவழியை ஆராய வேண்டுமெனப் பணித்தது. 1964 இல் அவர்கள் எருசலேமில் கிளர்ந்தெழ, நாடாளுமன்றம் அவர்களை எவ்வகையிலும் குறையற்ற யூதரென ஏற்றது. சாசூன் விண்ணப்பத்துக்குப் பின் 128 ஆண்டு கழிந்திருந்தது.

எஞ்சியோர் நிலை என்ன? சந்தாவுக்கு ஆள் வேண்டும். கட்டளைக்கு அறங்காவலர் இருந்தால் போதும். இளையோர் கப்பலேறியதும் சந்தா வறண்டது. ஈன்றோர் முதுமையில் தனித்தனர். அப்போது உதவியின் திசை மாறிற்று. 1960-களின் தொடக்கத்தில் ஓ.ஆர்.டி. என்னும் உலகத் தொழிற்கல்வி அமைப்பு பம்பாயில் பயிற்சி தொடங்கி, இளைஞர்க்கும் பெண்களுக்கும் கைத்தொழில் கற்பித்தது. மைமோனிடீஸின் உச்சிப்படி இது. ஆனால் தொழில் கற்றவர் பலர் அதனையே துணையாகக் கொண்டு கப்பலேறினர். 1914 இல் நியூயார்க்கில் தோன்றிய அமெரிக்க யூதர் கூட்டு உதவிக்குழு 1964 முதல் இங்குப் பணிபுரிந்து, முதியோர்க்கு மாத உதவித்தொகையும் மருந்தும் வழங்கி வந்துள்ளது. கட்டடங்களையோ அறக்கட்டளைகள் காக்கின்றன. 1950 ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் வரையறையில் கோயில், மடம், வக்ஃபு ஆகியவற்றோடு யூதர் தொழுகைக்கூடமும் இடம்பெற்றுள்ளது. மகாராட்டிர அரசு 2016 இல் யூதரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. கெனெசெத் எலியாஹூ 2019 இல் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திறந்தது.

சாசூன்களின் வழியினர் பம்பாயை விட்டு எப்போதோ போய்விட்டனர். பாக்தாதி யூதர் இந்நகரில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் அக்குடும்பம் எழுப்பிய இரு கூடங்களிலும் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் கூட வேண்டுமே! அங்கே இன்று பேழையைத் திறப்போரும் சுருளை ஏந்துவோரும் பெரும்பாலும் பெனே இஸ்ரவேலர்.